மாமரம் அழுத கதை

மாமரம் அழுகிறது என்ற செய்தி பரவியதும் ஊரே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டில் மனிதன் அழுதால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிற அதே ஜனங்கள்தான். மரத்தின் துக்கம் என்றதும் நெஞ்சு இளகிவிட்டது. தண்ணீர் பாட்டில், இருமல் மருந்து பாட்டில், குழந்தையின் பால் பாட்டில் என்று கைக்கு அகப்பட்டதை ஏந்திக்கொண்டு, நாற்காலிக்காரர் வீட்டு வாசலில் தொடங்கித் தெருமுனை வரை வரிசை கட்டி நின்றார்கள்.

நாற்காலிக்காரர் கூட்டங்களுக்கும் விசேஷங்களுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். அந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் பின்முற்றத்தில்தான் மாமரம் நின்றது. அதை வளர்த்தது அவர் மனைவி. கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்தும் அந்த அம்மாள், ஒட்டுக்கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்து நட்டவர். கன்றுக்கு முதலில் உடம்பு தேறட்டும் என்று ஆரம்ப வருஷங்களில் பூத்த பூவையெல்லாம் கிள்ளிப் போட்டார். காய்ப்பு முடிந்ததும் நடுக்கிளைகளைக் கழித்து வெயில் உள்ளே இறங்க வழி செய்வார். பூக்கும் பருவம் நெருங்கினால் தண்ணீரை நிறுத்துவார். பூங்கொத்து தலைகாட்டும்போதே குழாயைப் பிடித்து இலைகளைக் கழுவி விடுவார். நாற்காலிக்காரர் அந்த மரத்துக்குச் செய்த ஒரே தொண்டு, பழுத்ததும் தின்றது. சர்க்கரை வியாதி வந்த பிறகு அந்தத் தொண்டுக்கும் தடை விழுந்தது.

இந்த வருஷம் அம்மாள் கடையை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிற அலைச்சலில் இருந்தார். கிளையும் கழிக்கவில்லை, இலையும் கழுவவில்லை. மரம் அடர்ந்து, இருண்டு, பூத்துத் தள்ளியது. ஒருநாள் காலை, வானத்தில் பொட்டு மேகம் இல்லாதபோது, மரத்தடி நாற்காலிகளின் மேல் என்னவோ தூறியது. நாற்காலிக்காரர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இனித்தது. எதையும் முதலில் நாக்கில் வைத்துவிட்டு, பிறகு சௌகரியப்பட்டால் யோசிக்கிற ரகம் அவர். அன்றைக்கு யோசிக்கச் சௌகரியப்படவில்லை. நாலு பேரிடம் சொல்லத்தான் சௌகரியப்பட்டது.

அந்த நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். நாற்பதில் ஒருவர் வழியாகச் செய்தி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மரங்களோடு பேசுவதாகச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் மரமொழியார் வந்து இறங்கினார்.

பச்சைச் சட்டை, பச்சைக் கால்சட்டை, கழுத்தில் டாக்டர்கள் மாட்டுகிற ஸ்டெதஸ்கோப். அதை அடிமரத்தில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். மரம் மனிதகுலத்தை நினைத்து அழுகிறது என்று தீர்ப்புச் சொன்னார். மனிதகுலம் கைகூப்பியது. இனி இந்த மரத்தைக் கழுவக் கூடாது, கிளை வெட்டக் கூடாது, மருந்து அடிக்கக் கூடாது. சோகம் கலைந்துவிடும் என்று கட்டளை போட்டார். சொட்டுகிற நீருக்குக் கருணை நீர் என்று பெயரும் வைத்து, கண் மருந்துக் குப்பி அளவில் விற்பனைக்கும் வைத்தார். அவர் மட்டும் மரத்தடியில் எப்போதும் ஒரு பச்சைக் குடைக்குள் நின்றார். அருளின் வேகம் அவருக்குத் தாங்காதாம். அவருடைய காருக்கும் தாங்காது போலிருக்கிறது. அதை அடுத்த தெருவில்தான் நிறுத்துவார்.

மரம் குறியும் சொன்னது. பையனுக்கு வேலை கிடைக்குமா, வழக்கு ஜெயிக்குமா என்று யாராவது கேட்டால், மரமொழியார் கைத்தடியால் அடிமரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். இலைகளுக்குள் படபடவென்று சத்தம் எழும். பொலபொலவென்று தூறல் விழும். மரம் சம்மதம் சொல்லிவிட்டது என்று அர்த்தம். அது ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. பக்கத்தில் காணிக்கைப் பெட்டி இருக்கும்போது எந்த மரம்தான் இல்லை என்று சொல்லும்?

நாற்காலிக்காரருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக மரியாதை கிடைத்தது. மரமொழியார் அவருக்கு மரத்தின் தகப்பன் என்று பட்டம் கொடுத்து முன்வரிசையில் உட்காரவைத்தார். உட்கார்ந்தவர்கள் எழும்போது நாற்காலியும் கூடவே எழுந்தது. அந்த அளவுக்குப் பிசுபிசுப்பு. மரம் பிடித்துக்கொண்டது, பாக்கியசாலி என்று ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

அம்மாள் முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார்.

"கண்ணீர்னா கரிக்கணுமே. இது ஏன் இனிக்குது?"

மரமொழியார் சளைக்கவில்லை. "மனுஷக் கண்ணீர்ல சுயநலம் இருக்கு தாயே, அதான் கரிக்குது. மரத்துக்கு ஏது சுயநலம்?"

கூட்டம் உருகிப்போனது. நாற்காலிக்காரர் மனைவியைப் பார்த்து, பதில் வந்ததா என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அவருக்கு மரமொழியார் தனியாக ஒரு சலுகை கொடுத்திருந்தார். தினம் காலை வெறும் வயிற்றில் மூன்று கரண்டி கருணை நீர். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். மாத்திரையும் மரமும் ஒரே வயிற்றில் ஒத்துப்போகாதாம். நாற்காலிக்காரர் சந்தோஷமாக நிறுத்தினார். பல வருஷம் கழித்துக் காலையில் இனிப்பு, அதுவும் புண்ணியக் கணக்கில். நாக்கு வறண்டது, அடிக்கடி எழுந்து போகவேண்டி வந்தது. கெட்டது வெளியேறுகிறது என்றார் மரமொழியார். புதுச் செருப்பு கடித்த குதிகால் கொப்புளம் உடைந்து புண்ணாகி, ஓரம் கறுத்தது. அதை அவர் காலுறைக்குள் மறைத்துவைத்தார். மனைவிக்குத் தெரியக்கூடாது என்பதைவிட, தனக்கே தெரியக்கூடாது என்பதுதான் காரணம். அவருக்கு உள்ளூர நல்ல பயம்.

ஒரு மத்தியானம் அவர் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். யாரோ காலுறையைக் கழற்றுவது தெரிந்தது. தூங்குவதுபோலவே கிடந்தார். அம்மாள் புண்ணைப் பார்த்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் புண்ணின் மேல் விழுந்தது. அது சுயநலக் கண்ணீர்தான் போலும், சுரீரென்று எரிந்தது.

"முழிச்சுதான் இருக்கீங்கன்னு தெரியும்," என்றார் அம்மாள். "சண்டை போடல. நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு சோதனை. மரம்தான் அழுவுதுன்னு தெரிஞ்சா நானே பாட்டிலோட வரிசையில நிக்கறேன். இல்லைன்னா அந்த நிமிஷமே நீங்க என்னோட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

நாற்காலிக்காரர் கண்ணைத் திறக்காமலே சரி என்றார். ஜெயிப்பது நாம்தான் என்று நினைத்துச் சொன்னாரா, தோற்றுவிட்டால் தேவலை என்று நினைத்துச் சொன்னாரா என்று அவருக்கே விளங்கவில்லை.

மறுநாள் அம்மாள் இரண்டு கண்ணாடி ஜாடிகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். மண்ணில் விழாத சுத்தமான கண்ணீர் பிடிக்க ஆசை என்று மரமொழியாரிடம் பணிவாகச் சொன்னார். இத்தனை நாள் முறைத்துக்கொண்டிருந்தவள் வழிக்கு வந்துவிட்டாள் என்று மரமொழியாருக்கு ஒரே பூரிப்பு.

"ஒரே கொத்துல ரெண்டு கொம்பு ஒடிக்கறேன் சாமி. ரெண்டுக்கும் ஒரே சோகம்தானே?"

"ஒரே சோகம்தான் தாயே. மரத்துல பாரபட்சம் கிடையாது."

இதைக் கூட்டம் முழுக்கக் கேட்டது. அம்மாள் ஒரு பூங்கொம்பை அப்படியே ஜாடிக்குள் இறக்கி, வாயில் மெல்லிய துணி கட்டினார். இன்னொன்றைப் பலமாக உதறி, தண்ணீரில் அலசி, காயத் துடைத்து அடுத்த ஜாடியில் வைத்துக் கட்டினார். எதிர்வீட்டு வக்கீல் முடிச்சுகளைப் பரிசோதித்தார். இரண்டு ஜாடிகளையும் மேஜைமேல் வைத்து எல்லாரும் காத்திருந்தார்கள். மரமொழியார் குடைக்குள் நின்று ஏதோ முணுமுணுத்தார். வெயில் ஏற ஏற அவர் முணுமுணுப்பும் ஏறியது.

மத்தியானத்துக்குள் முதல் ஜாடியின் உள்பக்கமெல்லாம் பொட்டுப் பொட்டாகப் பிசுபிசுப்பு. அலசின கொம்பு இருந்த ஜாடியில் அந்தப் பிசுக்கு பேருக்குக்கூட இல்லை.

அம்மாள் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பெரிய லென்ஸை முதல் ஜாடியின் மேல் வைத்து, எல்லாரையும் ஒருவர் பின் ஒருவராக வந்து பார்க்கச் சொன்னார். அரிசிமணியைவிடச் சின்னதாக, ஆப்பு மாதிரி உடம்போடு, பழுப்பு நிறத்தில் கும்பலாக ஏதோ பூக்காம்பில் வாயைக் குத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தது. உறிஞ்சியது போதும் என்று தோன்றியபோது, பின்னால் ஒரு சொட்டு வெளியே வந்தது. பளபளப்பான, உருண்டையான, அழகான சொட்டு. இத்தனை நாள் மரத்தைக் கும்பிட்ட ஜனங்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று பூச்சியின் பின்பக்கத்தைத் தரிசனம் செய்தார்கள். தரிசனம் முடிந்து திரும்பியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இது தத்துப்பூச்சி பண்ற வேலை," என்றார் மரமொழியார் அவசரமாக. "பூவுல சாறு குடிச்சுட்டுக் கழிக்கிற தண்ணி. மரத்தோட கண்ணீர் வேற."

அதுவரை அந்தப் பூச்சியின் பெயரை யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது. சாமிக்குத் தெரிந்திருந்தது. குடைக்கும், தள்ளி நிறுத்திய காருக்கும், மரத்தைக் கழுவக் கூடாது என்ற கட்டளைக்கும் இப்போது காரணம் புரிந்தது.

அம்மாள் நீளக்காம்புத் துடைப்பத்தை எடுத்து அடிமரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அதே படபடப்பு, அதே தூறல். கூடவே மிரண்டு எழுந்த பூச்சிக் கூட்டம்.

"ஜாடிக்குள்ள இருக்கறதுதான் பூச்சி பண்ற வேலைன்னா, மேல இத்தனை பூச்சி இருக்கே, அதுங்க எல்லாம் விரதமா சாமி?"

அம்மாள் ஒரு குப்பியையும் கரண்டியையும் அவர்முன் நீட்டினார். "மரத்தோட கண்ணீர்தானே, நீங்க விக்கிற குப்பிதான். ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க, நான் உங்க கால்ல விழறேன்."

ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்த மகான் ஒரு சொட்டுக்கூட வாயில் வைத்ததில்லை என்பது அப்போதுதான் எல்லார் மனத்திலும் பட்டது. அவர் கரண்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வாசல்தான் பிடித்திருந்தது. காணிக்கைப் பெட்டியைத் தூக்கப் போனவரை வக்கீல் தடுத்து, அதைக் கொட்டி அவரவர் காசை அவரவர் எடுத்துக்கொள்ளச் செய்தார். போட்டதைவிட அதிகமாகவே சிலர் எடுத்துக்கொண்டார்கள் என்று கேள்வி. அப்புறம் போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

நாற்காலிக்காரர் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தினம் மூன்று கரண்டி. ரசித்து, சப்புக்கொட்டி, புறங்கையை வேறு நக்கி. அவருக்கு அருவருப்பாகவும் வெட்கமாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், கால் போய்விடுமோ என்று குழந்தைபோல அழுகை வந்தது. அம்மாள் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. நாற்காலியிலிருந்து அவரைப் பிய்த்தெடுத்து ஆட்டோவில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைத் திட்டின திட்டை எழுத முடியாது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பாதத்தையே வெட்டியிருக்க வேண்டும் என்றார். கறுத்ததைச் சுரண்டி, ஊசி போட்டு, கட்டுப் போட்டு, மாத்திரையைக் கையில் திணித்து அனுப்பினார். அம்மாள் வீட்டுக்கு வந்ததும் குழாயை மாட்டி மரத்தைக் குளிப்பாட்டினார், வேப்பெண்ணெய்ச் சோப்புத் தண்ணீர் அடித்தார், நெருக்கியடித்த சின்னக் கிளைகளைக் கழித்தார். பூவில் பாதி ஏற்கெனவே கருகிப் போயிருந்தது. மிச்சத்தில் கொஞ்சம் பிஞ்சு பிடித்தது.

சில வாரம் கழித்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு நாற்காலிக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது வெளியூர்க்காரர் ஒருவர் பெரிய கேனோடு வந்தார். பாட்டில் போதாது என்று கேனே கொண்டுவந்துவிட்டார் மனிதர். நடந்ததையெல்லாம் நாற்காலிக்காரர் ஒன்றுவிடாமல் சொன்னார், தான் குடித்தது உட்பட. வெளியூர்க்காரர் பொறுமையாகக் கேட்டார், ஐயோ பாவம் என்றார், பிறகு குரலைத் தாழ்த்தி விசாரித்தார்.

"அது சரிங்க, அந்தச் சாமி வெளியே வந்துட்டாராம். இப்ப எந்த மரத்துக்கிட்ட இருக்காருன்னு தெரியுமா?"

நாற்காலிக்காரர் அவரையும் அவர் கேனையும் ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

"பூச்சிகூட நல்லதை உள்ள வச்சுக்கிட்டு வேண்டாததைத்தான் வெளியே விடுது ஐயா. நாங்க வேண்டாததை உள்ள வாங்கிக்கிட்டு புத்தியை வெளியே விட்டோம். நீங்களாவது பூச்சி அளவுக்கு யோசிச்சுப் பாருங்க."