தாராசுரம் போகும் வேகக் குழு

"சார், எந்த குரூப்புன்னு இன்னும் சொல்லலையே?"

செம்மொழி கேட்பது இது மூன்றாவது முறை. சைக்கிள் சங்கத்தின் செயலாளர் அவள். கையில் ஓர் அட்டை, அட்டையில் மூன்று பட்டியல். மெதுவாகப் போகிறவர்கள் திருவையாறு வரை போய் அசோகா அல்வா சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். நடுத்தரக்காரர்களுக்கு ஒரத்தநாடு. வேகக் குழுவுக்குத் தாராசுரம். போக வர எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது.

ரகுராமனுக்கு ஐம்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். கடைசியாக சைக்கிள் மிதித்து இருபது வருஷம் ஆகிறது. அவருடைய முழங்கால், முதுகு, மனசாட்சி மூன்றும் ஒரே குரலில் திருவையாறு என்றன. ஆனால் விஸ்வா என்ற பெயர் வேகக் குழுப் பட்டியலில் அல்லவா இருந்தது!

"தாராசுரம்" என்றார்.

செம்மொழி அவருடைய தொப்பையை ஒருமுறை பார்த்தாள். "மணிக்கு எவ்வளவு வேகம் போவீங்க சார்?"

"முப்பது."

பஸ்ஸில்கூட அவர் அந்த வேகத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

"பேரு?"

இங்கேதான் மாட்டிக்கொண்டார். சொந்தப் பெயரைச் சொன்னால் விஸ்வா சட்டென்று திரும்பிப் பார்ப்பான். அவன் வீட்டில் இருக்கிற ஜாதகத்தின் மேலே பெண்ணின் தகப்பனார் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறதே! சைக்கிள் பக்கத்து வீட்டு வைரக்கண்ணுவிடம் இரவல் வாங்கியது. சைக்கிளோடு பெயரையும் இரவல் வாங்கிக்கொண்டார்.

"வைரக்கண்ணு."

இவ்வளவு பாடும் மகள் அம்ருதாவுக்காக. போன வருஷம் ஒரு வரன் வந்தது. பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று ஜோசியர் சொன்னதும் ரகுராமன் விசாரிக்காமல் தலையாட்டிவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அந்தப் பையன் ஓட்டலில் தண்ணீர் சிந்திய சர்வரைக் கன்னத்தில் அறைந்ததை அம்ருதா கண்ணால் பார்த்தாள். நாலு நாள் சாப்பிடவில்லை. அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லவுமில்லை. அதுதான் அவரை இன்றுவரை அறுத்துக்கொண்டிருக்கிறது.

இந்தத் தடவை அவள் சொன்னது ஒன்றுதான். "நீங்க கண்ணால பாத்து சரின்னு சொன்னா, வரச் சொல்லுங்கோப்பா."

இந்த வரனான விஸ்வாவின் வீட்டார் இன்று மதியம் மூன்று மணிக்குப் பெண் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தார்கள். எட்டரைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு மனிதனின் குணம் அவன் களைத்துப்போகும்போது தெரிந்துவிடும் என்பது ரகுராமனின் சித்தாந்தம். யார் முதலில் களைத்துப்போவார் என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

"தாராசுரம் குரூப், வாங்க! விஸ்வா! நெடுஞ்செழியன்! நெடுஞ்செழியன் சார்!"

நாலாவது தடவைதான் மீசைக்காரர் ஒருவர் திடுக்கிட்டுக் கையைத் தூக்கினார். அடுத்ததாக வைரக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள். ரகுராமனும் யாரையோ என்று அக்கம்பக்கம் தேடிவிட்டுப் பிறகு கையைத் தூக்கினார்.

ஆறு பேர் கிளம்பினார்கள். விஸ்வாவைத் தவிர எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இந்த வயதில் வேகக் குழுவில் இருக்கிறார்கள் என்றால் எப்பேர்ப்பட்ட பழம்புலிகளாக இருக்க வேண்டும்!

மாரியம்மன் கோவில் தாண்டுவதற்குள் அவருக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. விஸ்வா பனிமூட்டத்துக்குள் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தான். பையன் கண்ணிலேயே படாவிட்டால் என்னத்தை விசாரிப்பது? ஓர் உபாயம் தோன்றியது.

"ஒரு நிமிஷம்! ஷூ லேஸ் அவுந்துடுச்சு!"

நாலு பழம்புலிகளும் அப்படியே நின்றார்கள். நின்றதோடு இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் குனிந்து அவரவர் லேஸைக் கட்டினார்கள். ஒருவர் செருப்புப் போட்டிருந்தார், அவரும் குனிந்தார்.

விஸ்வா திரும்பி வந்தான். "என்ன சார், எல்லாருக்கும் ஒரே நேரத்துல அவுந்துடுச்சா?" என்று சிரித்தான். சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போன வருஷத்துப் பையனும் நன்றாகத்தான் சிரித்தான்.

மீசைக்கார நெடுஞ்செழியன் மூச்சு வாங்கியபடி ரகுராமன் பக்கம் சாய்ந்தார். "கொஞ்சம் ஜலம் இருக்கா?" குடித்துவிட்டு, கண்ணை இடுக்கிப் பார்த்தார். "சங்கத்துக்குப் புதுசோ? உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

ரகுராமனுக்குப் பகீரென்றது. இவர் பையனின் சித்தப்பாவோ, மாமாவோ?

"ஒண்ணுதான். பையன்" என்றார். சொன்ன மறுகணமே மனசு வலித்தது. பெற்ற பெண்ணை இல்லை என்று சொல்வது அவருக்கு இதுதான் முதல் தடவை.

"எனக்கும் பையன்தான்" என்றார் நெடுஞ்செழியன், கேட்காமலே.

"எனக்கு ரெண்டும் பையன்" என்றார் செருப்புக்காரர். மற்ற இருவரும் அவசர அவசரமாகத் தங்களுக்கும் பையன்தான் என்றார்கள். ஆண் வாரிசுக்கு இந்தச் சங்கத்தில் பஞ்சமே இல்லை.

மறுபடி கிளம்பியதும் நாலு பேரும் விஸ்வாவைச் சுற்றிக்கொண்டார்கள். காலைக் காபிக்கு முன்னால் குளிக்கிற பழக்கமா, பின்னாலா என்று ஒருவர் கேட்டார். கோபம் வந்தால் என்ன செய்வாய் தம்பி என்றார் இன்னொருவர். இவர்கள் ஏன் இப்படிப் பையனைக் குடைகிறார்கள் என்று ரகுராமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் ஊரான் கேட்கிறான், பதில் காதில் விழாத தூரத்தில் தான் கிடக்கிறோமே!

எப்படியாவது கிட்டே போக வேண்டும். ஹேண்டில்பாரில் கியருக்கு இரண்டு நெம்புகோல்கள் இருந்தன. எது எதற்கு என்று வைரக்கண்ணு சொல்லியிருந்தார், எதுவும் நினைவில்லை. இரண்டையும் சேர்த்து அழுத்தினார்.

கடகடவென்று சத்தம் கேட்டது. செயின் கழன்றது. பெடல் காற்றில் சுற்றியது. பசுபதிகோவில் தாண்டிச் சாலையில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். வைரக்கண்ணுவின் சைக்கிள் அதற்குள் நேராகப் புகுந்து, பத்தடி தூரம் நெல்லை உழுதுகொண்டு போய், ரகுராமனைக் குவியலின்மேல் உட்கார வைத்தது.

"ஏங்க, கண்ணு எங்க இருக்கு? ராத்திரியெல்லாம் பனியில மூடி வச்சு இப்பத்தான் பரப்புனேன்!" பலகையால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்த அம்மாள் பாய்ந்து வந்தார்.

ரகுராமன் நெல்லைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் விஸ்வா சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடி வந்தான்.

"தப்பு எங்க மேலதாங்க. மன்னிச்சுக்குங்க. இவருக்கு அடிபட்டிருக்கான்னு மட்டும் பாத்துக்கறேன்."

அம்மாள் அவனையும் விடவில்லை. பவுசாக உடுத்திக்கொண்டு வந்து ஏழை நெல்லை மிதிக்கிறீர்களே என்று தெருவே கேட்கத் திட்டினார். விஸ்வாவின் முகம் சிவந்தது. இதோ வருகிறது என்று ரகுராமன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நெடுஞ்செழியன்கூட மீசையைக் கடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார்.

விஸ்வா ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். பலகையை வாங்கி, சிதறிய நெல்லை எல்லாம் கூட்டித் தள்ளிச் சமமாகப் பரப்பினான். செயினை மாட்டிக் கொடுத்தான். கையெல்லாம் கிரீஸ். "அடுத்த கடையில டீ குடிச்சிட்டு, உங்களுக்கு முடியலைன்னா நான் கூடவே மெதுவா வந்து வீட்டுல விட்டுடறேன் சார். தாராசுரம் எங்கயும் ஓடிடாது."

ரகுராமனுக்குக் கண் நிறைந்துவிட்டது. நெல் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

டீக்கடை செந்தாமரையுடையது. எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ரகுராமனின் போன் அலறியது. பதற்றத்தில் எங்கேயோ விரல் பட்டு, மனைவி சரசாவின் குரல் ஸ்பீக்கரில் கடை முழுக்கக் கேட்டது.

"ஏன்னா, மணி எட்டு இருபது ஆயிடுத்து! மாப்பிள்ளையாத்துல..."

"ராங் நம்பர்!" என்று கத்திப் போனை அணைத்தார்.

நாலு பழம்புலிகளும் அவரையே பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் மனைவியிடமிருந்து செய்தி வந்தது. "புரிஞ்சுடுத்து. பையன் சரியில்லை, இல்லையா? வேண்டாம்னு சொல்லிடறேன்."

ரகுராமன் ஷூ, முழங்கால், முதுகு எதையும் பார்க்காமல் கடைக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்துக்கு ஓடினார். காலையிலிருந்து அவர் எட்டிய அதிகபட்ச வேகம் அதுதான். மணி எட்டு இருபத்தாறு. முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை பிஸி. எட்டு இருபத்தெட்டுக்கு சரசா எடுத்தாள்.

"சொல்லிட்டியா?"

"இதுல கெடைக்கலை, அம்ருதா போன்ல போட்டிருக்கேன், இப்பத்தான் ரிங் போறது..."

"கட் பண்ணு! கட் பண்ணிட்டு மறுபடி போடு! மூணு மணிக்கு வரச் சொல்லு! பையன் தங்கம்டி! அம்ருதாகிட்ட சொல்லு, அப்பா கண்ணால பாத்துட்டேன்னு!"

அந்தப் பக்கம் சரசா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவர் மரத்தில் சாய்ந்து, காலையிலிருந்து முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டார்.

திரும்பினால், டீ கிளாஸோடு செந்தாமரை நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"அந்தத் தம்பிகிட்ட சொல்லிடாதீங்கம்மா" என்று கும்பிடாத குறையாகக் கேட்டார்.

செந்தாமரை கிளாஸை அவர் கையில் கொடுத்தாள்.

"நான் ஏங்க சொல்றேன்? உங்க குரூப்புல நீங்கதான் ஃபர்ஸ்ட்டு. அங்க பெஞ்சுல உக்காந்திருக்காங்களே நாலு பேரு, அவங்க மூணு வாரமா இதே மரத்தடிக்கு ஒவ்வொருத்தரா வந்து, 'இந்தப் பையனை இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை பாத்துட்டு நம்ம பொண்ணுக்கு முடிவு பண்ணலாம்'னு வீட்டுக்குப் போன் பண்ணிட்டே இருக்காங்க."