ஆரணியாற்றங்கரையில் நான் அழித்த வயல்கள்

எனக்கு அழுகை சீக்கிரம் வரும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே அது ஓர் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

திருவள்ளூரில் ஒரு தொண்டு நிறுவனம். ஆரணியாற்றுப் படுகையில் நிலம் எப்படி மாறிவருகிறது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. (வேலையா அது? மிதப்பதற்குச் சம்பளம்.) திரையில் ஆறு ஊத்துக்கோட்டையைத் தாண்டி, வளைந்து வளைந்து பழவேற்காட்டுப் பக்கம் போகும். நானும் கூடவே போவேன். டிபன் பாக்ஸைத் திறக்க மறந்த நாட்கள் உண்டு. சாயங்கால ரயிலிலும் அதே நினைப்பில் செவ்வாப்பேட்டையில் இறங்காமல் ஆவடி வரை போயிருக்கிறேன்.

அந்த மிதப்பில்தான் கண்டுபிடித்தேன். பத்து வருடத்துக்கு முந்தைய படத்தில் கரையோரம் முழுக்கப் பச்சை. புதுப் படத்தில் பச்சையே இல்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கம்பெனிகள் விவசாயத்தை மொத்தமாக விழுங்கிவிட்டன என்று முடிவு கட்டினேன்.

இதை ஊர்க்கூட்டத்தில் நான்தான் விளக்க வேண்டும். சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம், சொதப்பினால் வீட்டுக்குப் போகலாம் என்று எங்கள் ஆபீஸ் மேலாளர் சார் சொல்லியிருந்தார். இரண்டு படங்களையும் காட்டி, "இந்த வயல் எதுவும் இப்ப இல்லைங்க" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முன்வரிசையில் ஓர் அக்காவும் மூக்கை உறிஞ்சினார்.

டிராக்டரை வாசலில் நிறுத்திவிட்டு வந்திருந்த விவசாயி ஒருவர் எழுந்தார்.

"இன்னா மாசம் எடுத்த படம்மா இதெல்லாம்?"

"பழசு மார்கழிங்க. புதுசு வைகாசி."

"மார்கழில பயிரு நிக்கும். வைகாசில அறுத்து, ஆக்கி, துன்னே முடிச்சிருப்போம்மா."

மூக்கை உறிஞ்சிய அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். சார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த விவசாயி திரைக்கு அருகே வந்து ஒரு மூலையைத் தொட்டார். "இங்க வெள்ளையா கீது பாரு, கம்பெனி ஷெட்டு. அது எங்க நெலம். நான்தான் குடுத்தேன். எந்த மாசம் பாத்தாலும் இது பச்சையாவாது."

அந்தச் சின்ன வெள்ளையை நான் கவனித்திருக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் அழுதவளுக்கு அப்போது அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

வேலை போகவில்லை. ஒரே மாதத்துப் படங்களாகத் தேடியெடுத்து முதலிலிருந்து செய்யச் சொன்னார் சார். வீட்டில் இதைச் சொன்னதுதான் நான் செய்த பெரிய தப்பு. இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் மொட்டை போட்டாலும் முதல் படம் எனக்குத்தான் வரும். போன ஆடியில் பெரியபாளையத்திலிருந்து தம்பி அனுப்பியிருந்தான்: "அக்கா, காடு மொத்தமும் அழிஞ்சிபோச்சு. அழுவறதுக்கு முன்னாடி இன்னா மாசம்னு கேட்டுக்கோ."