பிளாஸ்டர் மாஸ்டரின் குளோசப்

இல்லாத காயத்துக்கு இரண்டு வருடம் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு திரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் கேமரன் மலை எஸ்டேட்டில் இருந்தார். இதைச் சொன்னால் கோலாலம்பூரில் ஒருத்தரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன வந்தது? அவருடைய தலைமுடியைச் சனிக்கிழமை தவறாமல் ஆபீஸ் ரூலர் வைத்து அளந்தவன் நான்.

எழுபதுகளின் நடுவில் அந்த எஸ்டேட் ஆபீஸில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், அவர் உட்பட. "பிளாஸ்டர் மாஸ்டர்!" என்றால்தான் கூட்டத்திலிருந்து "ஆங்!" என்று குரல் வரும். மாஸ்டர் என்ற பட்டம் முதலிலிருந்தே இருந்தது, எஸ்டேட் பேண்டுக்கு அவர்தான் தலைவர். டிரம்பெட் அவர். பெரிய டிரம்முக்கு ஒருவர், கிளாரினெட்டுக்கு ஒருவர், சின்ன டிரம்முக்கு ஆள் கிடைக்காமல் போனதால் நான். மாரியம்மன் திருவிழாவுக்கும் நாங்கள்தான், கிறிஸ்மஸுக்கும் நாங்கள்தான். "மாஸ்டர், நீங்க எந்த மதம்லா?" என்று யாராவது கேட்டால், "டிரம்பெட்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

அவர் இங்கே ஊதினால் கியா பார்மில் முட்டைக்கோசு ஒரு சுற்று பெருத்துவிடும் என்று எங்கள் லயத்து வீடுகளில் பேசிக்கொள்வார்கள். நான் அளந்து பார்க்கவில்லை. ஆனால் இருக்கும்.

சரி, பிளாஸ்டர் கதைக்கு வருகிறேன்.

மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி எங்கள் துரை பங்களாவில் பாட்டு எடுக்க வந்தது. தோட்டத்தில் பார்ட்டி நடக்கிறது, கதாநாயகன் பாடுகிறான், பின்னால் பேண்டு வாசிக்கிறது. காட்சி அவ்வளவுதான். கோலாலம்பூரிலிருந்து வரவேண்டிய பேண்டுக்காரர்கள், தாப்பா ரோட்டில் மண் சரிந்ததால் அடிவாரத்திலேயே நின்றுவிட்டார்கள். "இங்க பேண்டு ஏதாச்சும் இருக்கா?" என்று கம்பெனிக்காரர் ஆபீஸில் வந்து கேட்டார். நான் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்த வேகத்தில் மைப்புட்டி கவிழ்ந்தது.

மறுநாள் விடியற்காலை மாஸ்டர் புது பிளேடு போட்டுச் சவரம் செய்தார். எங்கள் மலைக் குளிரில் தண்ணீரைத் தொட்டாலே கை நடுங்கும். சினிமா நடுக்கமும் சேர்ந்துகொள்ள, இடது கன்னத்தில் ஒரு கீறல். எஸ்டேட் ஆஸ்பத்திரி மிஸ்ஸி ஸ்டெல்லா பஞ்சு வைத்து ஒரு பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். நர்ஸைத்தான் நாங்கள் மிஸ்ஸி என்போம். மேக்கப்காரர் அதைப் பிய்க்கப் போனார். "மூடுபனி இறங்குதுய்யா, இருக்கறது இருக்கட்டும், ஓடு!" என்று கத்தினார் டைரக்டர்.

அதற்கப்புறம்தான் வம்பு.

"பாட்டு ஏற்கெனவே ரெக்கார்டு பண்ணியாச்சு. நீங்க ஊத வேணாம். வாயில வெச்சுக்கிட்டு ஊதற மாதிரி பண்ணுங்க" என்றார் டைரக்டர்.

"ஊதாம எப்படிங்க ஊதறது?" என்றார் மாஸ்டர்.

"நடிக்கணும்."

"நான் நடிகர் இல்லீங்களே. டிரம்பெட்டுங்களே."

முதல் டேக்கில் ஊதிவிட்டார். கதாநாயகி கையிலிருந்த பூக்கூடை கீழே விழுந்தது. இரண்டாவதிலும் ஊதினார். மூன்றாவதில் கன்னத்தை அடக்கிக்கொண்டு பார்த்தார், முடியவில்லை, பாதியில் பீறிட்டது. ஏழு டேக் போயிற்று. டைரக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்: "ஐயா, இன்னிக்கு ஒரு நாள் ஊதாம இருங்க. நாளைக்கு உங்க மூஞ்சிக்கு மட்டும் ஒரு குளோசப் வெக்கிறேன். அதுல ஆசை தீர நிஜமாவே ஊதுங்க. ஆனா நாளைக்கும் இதே மாதிரி வரணும். முடி, மீசை, பிளாஸ்டர், எதையும் மாத்தாதீங்க. கண்டினியூட்டி!"

எட்டாவது டேக்கில் மாஸ்டர் ஊதவில்லை. டிரம்பெட்டை வாயில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார். சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார வைத்துச் சாப்பிடக் கூடாது என்று தடுக்கப்பட்ட பிள்ளையின் முகம் போல இருந்தது அந்த முகம். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் மழை. அதற்கு மறுநாளும் மழை. ஒரு வாரம் விடாமல் கொட்டியது. ரோடு சரியானதும் கம்பெனிக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். "மிச்சத்த எடுக்க மறுபடி வருவோம்" என்று பங்களா சமையல்காரரிடம் சொன்னார்களாம். அவர் அதை மாஸ்டரிடம் சொன்னார். அந்தப் புண்ணியவான் சும்மா இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து மாஸ்டர் தயாராக இருந்தார்.

கீறல் நாலே நாளில் ஆறிவிட்டது. பிளாஸ்டர் மட்டும் இருந்தது. திங்கட்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழசை எடுத்துப் புதுசு ஒட்டிக்கொள்வார். முடி விஷயம் அதைவிடக் கஷ்டம். வெட்டவும் கூடாது, வளரவும் கூடாது. அதற்குத்தான் என் ரூலர். "காதுக்கு மேல எவ்வளவு தம்பி?" "கால் இஞ்சு கூடியிருக்கு அண்ணே." "அய்யய்யோ!" உடனே கத்தரிக்கோல். உடம்பும் மாறக் கூடாதல்லவா? கொழுந்து நிறுக்கிற தராசில் கூடைக்குப் பதிலாகத் தொங்குவார். இரண்டு ராத்தல் ஏறினால் ராத்திரிச் சோறு கிடையாது, இறங்கினால் திரிங்காப்பில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய் மூன்று வேளை சாப்பிட்டுவிட்டு வருவார். தொழிற்சாலை அடுப்பறையில் வேலை பார்த்தவர், சூட்டில் பிளாஸ்டர் உரிகிறது என்று துரையிடம் கெஞ்சிப் புல்வெட்டுக்கு மாற்றிக்கொண்டார். புல்வெட்டுக் கங்காணி கண்டினியூட்டி என்றால் ஏதோ தொத்துவியாதி என்று பயந்து, ஆறு மாதம் அவரைத் தனி நிரையில் விட்டார்.

சாயங்காலமானால் அந்தப் பாட்டைத்தான் ஊதுவார். எட்டு டேக்கில் கேட்டே மனப்பாடமாகியிருந்தது. குளோசப் வரும்போது ஒரு சுரம்கூடப் பிசகக் கூடாது பாருங்கள்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். சிரிக்காத ஒரே ஆள் மிஸ்ஸி ஸ்டெல்லா.

திங்கட்கிழமை பிளாஸ்டர் மாற்ற ஐந்து நிமிடம் போதும். முதல் வருடக் கடைசியில் அது அரைமணி நேரமானது. இரண்டாம் வருடத்தில் ஆஸ்பத்திரிப் பொறுப்பாளரான டிரெஸ்ஸர் தொண்டையைக் கனைக்கும் வரை நடந்தது. லயத்துக்கே தெரிந்துவிட்டது. பிரிஞ்சாங்கில் இருந்த மிஸ்ஸியின் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. "இல்லாத காயத்துக்கு மருந்து போடறவனுக்கா என் பொண்ணு? மரை கழண்ட கேசுலா அது!" என்று அந்தம்மா குதித்தார். ஈப்போவில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார்.

மிஸ்ஸி நேராகக் கேட்டுவிட்டார். ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்த நான் திரைக்குப் பின்னால் சட்டையைக் கழற்றிய நிலையில் எல்லாவற்றையும் கேட்டேன். வேறு வழியில்லை.

"மாஸ்டர், ஒரே ஒரு தடவ பிளாஸ்டர் இல்லாம எங்கம்மா முன்னாடி வந்து நில்லுங்க. இந்த கிறிஸ்மஸுக்குள்ள. அதுக்குமேல என்னால அம்மாவ நிறுத்த முடியாது. ஈப்போக்காரருக்குச் சரின்னு சொல்லிருவேன்."

"வரேன் மிஸ்ஸி. கண்டிப்பா வரேன். ஆனா..."

"என்ன ஆனா?"

"அன்னிக்குப் பார்த்து அவங்க வந்துட்டா?"

"யாரு?"

"டைரக்டரு."

பஞ்சுக் கிண்ணம் மேசையில் 'ணங்'கென்று வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அதற்கடுத்து எனக்கு விழுந்த ஊசி என் ஜென்மத்துக்கும் மறக்காது.

டிசம்பர் பிறந்தது. இரண்டாவது வாரம் எஸ்டேட் கடைச் சுவரில் ஒரு சினிமா நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தக் கதாநாயகன், அந்தப் பூக்கூடை. ஞாயிற்றுக்கிழமை நம் எஸ்டேட்டில் படம்! மாஸ்டர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப முடிச்சிட்டாங்களா தம்பி?"

முடிக்காமல் படம் எப்படி வரும்? சனிக்கிழமை வழக்கம்போல ரூலரோடு போனேன். "வேணாம் தம்பி" என்றார். பிளாஸ்டர் மட்டும் கன்னத்தில் அப்படியே இருந்தது. "அதையாச்சும் எடுங்கண்ணே, மிஸ்ஸி காத்துக்கிட்டு இருக்காங்கலா" என்றேன். "அவங்க முடிச்சிட்டாங்க. நான் இன்னும் முடிக்கலையே" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

எங்கள் ஊர் மழைக்கும் குளிருக்கும் வெளியில் திரை கட்டிப் படம் காட்ட முடியாது. பழைய தேயிலை ஸ்டோரில் பட்டப்பகலில் காட்டுவோம். ஜன்னலுக்கெல்லாம் கோணிச் சாக்கு தொங்கவிட்டால் இருட்டு தயார். எங்கள் டிரம்மெல்லாம் அந்த ஸ்டோர் மூலையில்தான் கிடக்கும். அன்று சுற்று வட்டார எஸ்டேட் ஜனமெல்லாம் வந்திருந்தது. மிஸ்ஸியும் வந்திருந்தார், பக்கத்தில் கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு அவர் அம்மா. மாஸ்டர் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், மடியில் துண்டு சுற்றிய டிரம்பெட். அதை விட்டுவிட்டு அவர் எங்கேயும் போனதில்லை.

ஒரு மணி நேரம் ஓடியது. பாட்டு வந்தது. "டேய், நம்ம துரை பங்களாலா!" என்று ஸ்டோரே எழுந்து நின்றது. பேண்டு தெரிந்தது. என்னைத் தேடினேன், என் இடது முழங்கால் மட்டும் வந்திருந்தது. பரவாயில்லை, நல்ல முழங்கால். அப்புறம் கதாநாயகனின் தோளுக்குப் பின்னால் ஒரு கன்னம், அதில் ஒரு பிளாஸ்டர்!

"பிளாஸ்டர் மாஸ்டர்!" கூரைத் தகரம் அதிர்ந்தது.

அந்த நிமிடம் பார்த்து, படத்தின் சத்தம் நின்றுவிட்டது.

படக்காரர் மெஷினைத் தட்டினார், திட்டினார், திறந்து பார்த்தார். "சத்தத்தப் படிக்கிற லைட்டு போச்சுலா. வேற லைட்டு இல்ல" என்று கைவிரித்தார். திரையில் கதாநாயகன் வாயை வாயைத் திறந்தான். பின்னால் மாஸ்டர் ஊதாத டிரம்பெட்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார், எட்டாவது டேக்கின் அதே முகம்.

முன்வரிசை ஓரத்தில் துண்டு அவிழ்ந்தது.

"அண்ணே, பாட்ட முதல்லேர்ந்து ஓட்டுங்க" என்றார் மாஸ்டர். படக்காரர் என்ன நினைத்தாரோ, மறுபேச்சுப் பேசாமல் ரீலைச் சுற்றினார். மாஸ்டர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, இடது கன்னத்தை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஆட்களை மிதித்துக்கொண்டு ஓடிப் போய் சின்ன டிரம்மை எடுத்தேன். பெரிய டிரம் வந்தது, கிளாரினெட் வந்தது.

ஊதினார் ஐயா, ஊதினார்! இரண்டு வருடம் அடக்கி வைத்திருந்த மூச்சு. முதலில் கதாநாயகன் முந்திக்கொண்டான், நாங்கள் பிந்தினோம். இரண்டாவது சரணத்தில் அவனைப் பிடித்துவிட்டோம். அதற்கப்புறம் அவன் எங்களுக்குத்தான் வாயசைத்தான். மேலே ஒரு மாஸ்டர் சும்மா நிற்க, கீழே ஒரு மாஸ்டர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஊதினார். ஜனம் அழுததா சிரித்ததா என்று எனக்குத் தெரியாது. நான் தாளத்தைக் கோட்டைவிடாமல் இருப்பதற்குள் உன் பாடு என் பாடு என்றாகிவிட்டது.

பாட்டு முடிந்ததும் டிரம்பெட்டை இறக்கினார். "ஷாட் ஓக்கே" என்று அவரே சொல்லிக்கொண்டார். நேரே பெண்கள் வரிசைக்குப் போய்க் குனிந்து கன்னத்தைக் காட்டினார்.

"எடுத்துடுங்க மிஸ்ஸி."

மிஸ்ஸி மெதுவாக உரித்தார். கறுத்த கன்னத்தில் சதுரமாக ஒரு வெள்ளை. மிஸ்ஸிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

அம்மா குடையை ஊன்றி எழுந்தார். மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் தம்பி, இவ்வளவு நல்லா ஊதறீங்க. அந்தப் படத்துல மட்டும் ஏன் சும்மா நின்னீங்க?"

இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாருமே கேட்டதில்லை. மாஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். "அட, எழுந்திரிங்கலா, மாப்பிள்ள தரையில உக்காரக் கூடாது" என்றார் அந்தம்மா.

தையில் கல்யாணம். சொந்தக் கல்யாணத்தில் தானே ஊதுவேன் என்று அடம்பிடித்தவரை மிஸ்ஸி ஒரே பார்வையில் அடக்கினார். கல்யாணப் போட்டோவில் அந்த வெள்ளைச் சதுரம் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

சில வருடம் கழித்து எனக்குக் கோலாலம்பூரில் பத்திரிகை வேலை கிடைத்தது. பஸ் ஏற்ற இரண்டு பேரும் வந்தார்கள். மாஸ்டர் என் தலையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மறுபடி வரும்போது இதே மாதிரி வரணும். எதையும் மாத்தாத. கண்டினியூட்டி!"

முடி போய்விட்டது அண்ணே. தராசில் ஏறினால் கொக்கி அறுந்துவிடும். ஆனால் அந்த ஆபீஸ் ரூலரைத் திருப்பிக் கொடுக்காமல் கொண்டுவந்துவிட்டேன், இதை எழுதும்போதும் மேசையில்தான் இருக்கிறது.