திருகாமல் விட்ட முப்பத்திரண்டு இழைகள்

தக்கீலே தீவு, வடகரை
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய அலெஹோ அண்ணாவுக்கு, கூடப் பிறக்காத தம்பி கிரகோரியோ தலைகுனிந்து எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரி இனெஸும் எட்டு ஆடுகளும் சுகம். மகன் எலியாஸ் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கிழங்கு சூப் குடிக்கிறான். அங்கே தாங்களும் அண்ணியும் பெண் தெலியாவும் சுகமாயிருக்க ஏரித்தாயை வேண்டுகிறேன். நேரில் வந்தால் கதவைச் சாத்துகிறீர்கள், அதனால் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பேன்? பெண் கேட்டு வருகிறவன் பின்னிய குல்லாயை மல்லாத்திப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது மாமனாரின் உரிமை. தாங்கள் ஊற்ற ஊற்ற ஒரு சொட்டும் கீழே விழவில்லை, நான்கூட இனெஸை இடித்து, "பாத்தியா, எம்புள்ள!" என்றேன். வாய் மூடுவதற்குள் தண்ணீர் விளிம்புக்கு அடுத்த வரிசையை எட்டி, சுற்றிலும் முப்பத்திரண்டு ஓட்டை வழியாகப் பீய்ச்சி, தங்கள் புதுக் கால்சட்டையை நனைத்துவிட்டது. "ஏண்டா, இது குல்லாயா, பூவாளியா?" என்று தாங்கள் கேட்டது நியாயம்தான். தெலியா அழுதுகொண்டே உள்ளே போனதைத்தான் தாங்க முடியவில்லை.

குற்றம் பையனுடையதல்ல, என்னுடையது. விளிம்பு முடிந்து குல்லாய் அகலப்படும் இடத்தில் கண்ணிகளைக் கூட்ட வேண்டுமல்லவா? நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றினால் கண்ணி கூடும், ஓட்டையும் விழும். ஒரே கண்ணியில் இரண்டு முறை பின்னினால் ஓட்டை இராது, மரு மாதிரி ஒரு முடிச்சு நிற்கும். ஆகவே, "ரெண்டு கண்ணிக்கு நடுவுல ஓடற இழையத் தூக்கி ஊசியில போட்டுப் பின்னுடா" என்றேன். "அவ்வளவுதானாப்பா?" என்றான். திருகிப் பின்னு, இல்லாவிட்டால் ஓட்டை விழும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் படகு வந்தது. என்ன வந்திருக்கிறதென்று பார்க்க ஓடினேன். திரும்பி வந்து உப்பு மூட்டையைப் பற்றிப் பேசினேன், இழையைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு சொல், அண்ணா! நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. தாங்கள் அண்ணியைக் கேட்டுப் போனபோது கொண்டுபோன குல்லாய், பொழுது சாயும்வரை ஒரு சொட்டு விடவில்லை என்று ஊரே இன்றும் சொல்கிறது. அப்படிக் கைதேர்ந்தவர் முன்னால் என் மகன் எம்மாத்திரம்! அடுத்த மாதம் முதல் ஞாயிறு வேறு குல்லாயோடு வரட்டுமா என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை.

மண்தாயின் அருளால் தங்கள் வீட்டில் கிழங்கும் ஆடும் பெருகட்டும்.

தங்கள் பணிவான,
கிரகோரியோ

பின்குறிப்பு: இதைப் படித்துக் காட்டியதும் இனெஸ், "கேக்க மூஞ்சி இல்லையா? அப்ப அவரு குல்லாயப் பின்னினது யாருன்னும் எழுதுங்க" என்கிறாள். எழுத மனமில்லைதான். வலையில் விரலை அறுத்துக்கொண்டு, கல்யாணம் போச்சே என்று தாங்கள் அழுதீர்கள். நான் ஆட்டுக்கொட்டகையில் ஒளிந்து ஒரு மாதம் பின்னினேன். இருபத்தாறு வருஷமாய் இனெஸைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அண்ணிக்கும் தெரியாது. அன்று ஒவ்வோர் இழையையும் மறக்காமல் திருகினேன். தங்களுக்காகத் திருகியவன் சொந்த மகனுக்குச் சொல்ல மறந்தேனே, அதுதான் என் வருத்தமெல்லாம். அந்த ஞாயிறு வருகிறோம். தண்ணீர்க் குடம் தயாராக இருக்கட்டும்; அண்ணியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.