பத்திரத்தில் எழுதிய வாசனை

ஒரு காட்டில், காடு என்று சொல்ல நாலு மரமாவது மிச்சமிருந்த காலத்தில், சடையாண்டி என்று ஓர் எருமை இருந்தது. அதற்குச் சொந்தமாகக் கொஞ்சம் வயல். வயல் மூலையில் ஓர் எருக்குழி. சாணியைக் குழியில் மக்க வைத்து வயலுக்குப் போடும், நெல் விளையும், தின்னும். அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஏனென்றால் பக்கத்தில் யாருமே இல்லை.

வயலுக்குக் கிழக்கே இருந்த தரிசைச் சொக்கலிங்கம் என்ற நரி வாங்கியது. கல் ஊன்றி, கொடி கட்டி மனை போட்டது.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. வயலையொட்டி வீடோ மனையோ விற்பவன், வாங்க வருபவரை வேலியோரம் நிறுத்தி, அங்கே வரும் நாற்றத்தை முகர வைத்து, 'முகர்ந்தேன், சம்மதம்' என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பின்னால் தகராறு வரக் கூடாது அல்லவா?

நரி சட்டத்தை மீறவில்லை. அந்தச் சாதி ஒருநாளும் மீறாது, எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிற தை மாதமாகப் பார்த்து, இலவச வேனில் முயல்களைக் கூட்டி வந்து வேலியோரம் நிறுத்தியது. அதே நேரம் பக்கத்தில் காளான் பிரியாணி அண்டாவைத் திறந்தது.

"நல்லா இழுத்து மோந்து பாருங்கம்மா. வாழ்நாள் பூரா இந்த வாசனை வரும். சம்மதமா?"

"தயிர்ப் பச்சடி உண்டா சார்?" என்றது கோமளா என்ற முயல்.

எல்லா முயலும் கையெழுத்துப் போட்டன. குடி வந்தன. ஆடிக் காற்றும் வந்தது.

கோமளா மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக்கு ஓடி வந்தது. "இந்தாய்யா எருமை, என்னய்யா இது?"

"சாணிம்மா."

"வாங்குறப்ப இது இல்லையே. ஏன்யா வாசனையை மாத்துன?"

"நான் எங்கம்மா மாத்துனேன்? எங்கப்பன் காலத்துலருந்து இதே சாணிதான்."

"பத்திரத்துல இருக்கிறது வேற வாசனை. மோந்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம். எங்கள ஏமாத்தப் பாக்காத."

விவகாரம் தாசில்தார் யானையிடம் போனது. யானை தும்பிக்கையை நீட்டி இரண்டு பக்கமும் முகர்ந்தது.

"இங்க பாரு சடையாண்டி. நாத்தம் எவ்வளவு தூரம் போகுதோ, அவ்வளவு தூரம் நீ இடைவெளி விடணும்."

"எவ்வளவு தூரம் போகுதுங்கய்யா?"

"உன் நிலத்தையும் தாண்டிப் போகுது. அதனால உன் நிலம் பூரா இடைவெளி. பத்தாததுக்கு இன்னும் கொஞ்சம் வாங்கிச் சும்மா போடு."

"அப்ப நான் எங்கய்யா உழுறது?"

"அது வேற செக்‌ஷன்."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. பத்திரத்துல எழுதின வாசனையைக் குடுத்துரு."

நிலம் தப்பினால் போதும் என்று எருமை வேலியோரம் காளான் பிரியாணி போட ஆரம்பித்தது. விடிந்தால் அண்டா. விளைந்த நெல் அண்டாவுக்குப் போனது, பிறகு விதைநெல்லும் போனது. சாணியெல்லாம் வறட்டியாகி அடுப்புக்குப் போனது. தம்மில் இருக்கும் அண்டாவை விட்டுவிட்டுக் களையெடுக்க யார் போவது? முயல்கள் ஜன்னலைத் திறந்து வைத்து முகர்ந்தன. "நேத்து பட்டை தூக்கல்" என்று குறையும் சொல்லின.

வயல் கட்டாந்தரை ஆனது. எருமை யானையிடம் ஓடியது.

"ஐயா, இப்ப குழியில சாணியே இல்ல. நாத்தமும் இல்ல. அடுப்பை அணைச்சிட்டு உழப் போகட்டுமா?"

யானை வந்து பார்த்தது. "இதுல பயிர் எங்க? சும்மா கிடக்கே. சும்மா கிடந்தா அதுக்குப் பேரு இடைவெளிதான்."

கூடவே வந்திருந்த நரி தொண்டையைச் செருமியது. "நாத்தமே இல்லாத எடத்துல இடைவெளி எதுக்குங்கய்யா?"

"நியாயமான கேள்வி," என்றது யானை. "மனை போட்டுக்க."

வயல் முழுக்கக் கல் ஊன்றியாயிற்று. எருமை கரண்டியைக் கீழே வைத்தது. "அப்ப நான் கிளம்புறேன் சாமி."

"எங்க கிளம்புற?" நரி பதறிவிட்டது. "முயலுங்க பத்திரத்துல உன் வாசனை இருக்குல்ல? நீ போயிட்டா கேஸாயிடும்டா. அண்டா அளவுக்கு எடம் விட்டிருக்கேன், பாரு. கிளறு."

நீதி: பக்கத்தில் மனைக்கல் ஊன்றினால் ஏரை விற்று அண்டா வாங்கு. நிலம் எப்படியும் போகும். பிரியாணியாவது அடிபிடிக்காமல் இருக்கட்டும்.