பூதத்துக்குப் பெண் கொடுத்த கம்ப்ரசர்

பூதத்தைப் பார்த்து அலறியவர்கள் உண்டு. மந்திரம் சொன்னவர்கள் உண்டு. பூதத்தைப் பார்த்து, "ஏனுங்க, சாப்டாச்சுங்களா?" என்று விசாரித்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். திருச்செங்கோட்டில், நான் பில் போடும் வேலை பார்த்த போர்வெல் தோண்டும் ரிக் வண்டி ஆபீசில் அவர் மேனேஜர்.

பெயரைக் கேட்காதீர்கள், அது யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் கம்ப்ரசர். போர் போடும்போது கூடவே கம்ப்ரசர் என்று ஒரு எந்திரம் ஓடும். அது காற்றை அடித்து அடித்தே பூமிக்குள் இருக்கும் கல்தூளையெல்லாம் மேலே கொண்டுவந்துவிடும். எங்கள் மேனேஜருக்கும் காற்றுதான் மூலதனம். போர் போட்டுத் தண்ணீர் வராத தோட்டக்காரர் கடப்பாரையோடு ஆபீசுக்குள் நுழைவார். "வாங்க வாங்க, மொதல்ல சாப்டாச்சுங்களா?" என்று இவர் ஆரம்பிப்பார். சற்று நேரத்தில் கடப்பாரை மூலையில் சாத்தியிருக்கும். தோட்டக்காரர் இலையில் உட்கார்ந்து இரண்டாம் முறை ரசம் கேட்டுக்கொண்டே, அடுத்த போருக்கு நாள் பார்க்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

மழைக்காலம் வந்தால் ரிக் தொழில் படுத்துவிடும். வெளி மாநிலம் போன வண்டிகளெல்லாம் ஊர் திரும்பி ஷெட்டில் நிற்கும். அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் முதலாளியின் மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனான். போகிற அவசரத்தில், கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் டப்பா ஒன்றை மேஜைமேல் வைத்தான்.

"பொங்கலுக்கு வாரேனுங்கண்ணா, அப்ப எடுத்துக்கறேன். பத்திரமா வெச்சிருங்க."

ஒரு பொருளைப் பத்திரமாக வைப்பதென்றால் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது கம்ப்ரசரின் கொள்கை. மறுநாள் காலையிலேயே டப்பாவும் கையுமாக என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"அம்மிணி, இதுல என்னமோ இங்கிலீசுல வருது. படிச்சுச் சொல்லு."

படித்துச் சொன்னேன். பூமியில் திடீரென்று ஒரு பெரிய குழி விழுகிறது. குழிக்குள் இன்னொரு உலகம், தளம் தளமாகக் கீழே போகிறது. ஒவ்வொரு தளத்திலும் பூதங்கள். ஒரு வண்டியில் சில பையன்கள் உள்ளே இறங்குகிறார்கள், மேலே குழி மூடிக்கொள்கிறது. அவர்களுக்கு நாம்தான் தலைவர். பூதங்களோடு சண்டை போடலாம், பேசி நம் பக்கம் இழுக்கலாம், இரண்டு பூதங்களைச் சேர்த்துப் புதிதாக ஒரு பெரிய பூதத்தை உண்டாக்கலாம். அடித்தளத்தில் இருக்கும் ராஜா பூதத்தை ஜெயித்தால் குழி திறக்கும்.

கம்ப்ரசர் முகம் கறுத்தது. "கேசிங் பைப்பு எறக்குனானுங்களா?"

"என்னதுங்கண்ணா?"

"பொதபொதன்னு மண்ணு இருக்கற எடத்துல பைப்பு எறக்காம போர் போட்டா மூடிக்கத்தான செய்யும்? எவன் அந்த சூப்பர்வைசரு?" கோபம் கொஞ்சம் தணிந்ததும் கேட்டார்: "அந்தப் பசங்களோட அம்மாவுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னாங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ரிக் வண்டியில் ஏறும் பையன்கள் மாதக்கணக்கில் ஊர்ப்பக்கம் வரமாட்டார்கள். அவர்களை அனுப்பிவைப்பதும், அவர்களுடைய அம்மாக்களுக்குப் பதில் சொல்வதும் கம்ப்ரசர்தான்.

"எறக்குனது நாம இல்லீனாலும் இப்ப கைக்கு வந்துருச்சு. பொங்கலுக்குள்ள பசங்கள மேல கொண்டாந்து உட்டுட்டுத்தான் டப்பாவக் குடுக்கோணும்" என்றார்.

அன்றிலிருந்து கம்ப்ரசருக்கும் பூதங்களுக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர். பொறியியல் கல்லூரியில் நான் வாங்கிய பட்டம் உருப்படியாகப் பயன்பட்ட ஒரே காலம் அது.

முதல் தளத்தில் நெருப்புக் கண்ணும் கோரைப்பல்லுமாக ஒன்று வழிமறித்தது.

"'அற்ப மனிதனே, உன் உயிரை உறிஞ்சிவிடுவேன்' அப்படீங்குதுங்கண்ணா."

"இருக்கட்டும். சாப்டாச்சான்னு கேளு."

"அப்படிக் கேக்கறதுக்கு வழியில்லீங்கண்ணா. மெரட்டலாம், கெஞ்சலாம், இல்லீனா சிரிக்கலாம். அவ்வளவுதான்."

"சிரி, சிரி. அவங்க ஊட்டுக்கு நாம வந்திருக்கறோம். மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டா போக முடியும்?"

சிரிப்பதற்கான பட்டனை அமுக்கினேன். பூதம் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டது. "பாத்தியா? பசியில பேசியிருக்குது பாவம்" என்றார்.

ரிக் வண்டி ஒரு இடத்தில் போர் போடும் முன் பூஜை போடுவது வழக்கம். கம்ப்ரசர் ஒவ்வொரு தளத்துக்கும் பூஜை போட்டார். எலுமிச்சம்பழம் அறுத்து, டப்பாவுக்குத் திருநீறு பூசி, கற்பூரம் சுற்றி, அப்புறம்தான் இறங்குவோம். ஒரு நாள் பக்தி அதிகமாகி டப்பாவின் ஒரு மூலை கருகிவிட்டது. ஆடியதைச் சேமித்து வைக்கும் பட்டனை ராகுகாலத்தில் அமுக்கவே விடமாட்டார். அந்த நேரம் பார்த்து சார்ஜ் போய், கஷ்டப்பட்டுத் தாண்டிய தளத்தை மறுபடி முதலிலிருந்து தாண்டினோம். "ராகுகாலத்துல சேத்து வெச்சிருந்தா இன்னும் மோசமாப் போயிருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

இரண்டாம் தளத்தில்தான் வினை ஆரம்பித்தது. அந்த விளையாட்டில் ஒவ்வொரு பூதத்தின் நெற்றியிலும் அதன் குலச்சின்னம் இருக்கும். மீன், எருது, நரி என்று ஏதாவது ஒன்று. அங்கே எங்களோடு வந்து சேர்ந்தது ஒரு குட்டிப் பெண் பூதம். பெரிய கண், சின்னச் சிறகு, நெற்றியில் ஆந்தை.

கம்ப்ரசர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அட, நம்ம கூட்டம்!"

எங்கள் பக்கத்தில் கூட்டம் என்றால் குலம். கம்ப்ரசர் ஆந்தைக் கூட்டம், நான் காடைக் கூட்டம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. எத்தனை பொருத்தம் இருந்தாலும் அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது.

கம்ப்ரசருக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள். பெண் இல்லாத குறை அன்று தீர்ந்தது. குட்டிப் பூதத்துக்கு ராசாத்தி என்று பெயர் வைத்தார். ராசாத்திக்குச் சண்டை வராது. எதிரி கையை ஓங்கினாலே மயங்கி விழுந்துவிடும். விழுந்ததும் கம்ப்ரசர் சண்டையை அப்படியே விட்டுவிட்டு, கையில் இருக்கிற மருந்தையெல்லாம் அதற்கே கொடுக்கச் சொல்வார். தலைவனுக்கு மருந்து இல்லாமல் நாங்கள் பலமுறை செத்திருக்கிறோம்.

அதற்கப்புறம் ஆந்தைச் சின்னம் போட்ட எந்தப் பூதத்தையும் அடிக்க விடமாட்டேன் என்றுவிட்டார். "பங்காளியப் போய் அடிக்கறதா?"

மழைக்கு வண்டி ஷெட்டில் நின்றதால் ஆபீசிலேயே கிடந்த சங்ககிரி டிரைவர் அண்ணனும் ஆந்தைக் கூட்டம்தான். அவருக்குப் பொறுக்கவில்லை. "பங்காளியத்தானுங்க மொதல்ல அடிக்கோணும். உங்க வரப்புத் தகராறெல்லாம் மறந்து போச்சுங்களா?"

"அது வேற. இவங்க இன்னும் வரப்புல கை வெக்கல" என்றார் கம்ப்ரசர்.

இரண்டு பூதங்களைச் சேர்ப்பதென்றால் அவர் கணக்கில் அது கல்யாணம். சேர்த்ததும் இரண்டும் மறைந்து புதிதாக ஒன்று வருகிறதே என்று கேட்டால் பதில் தயாராக வைத்திருந்தார். "அவங்க தனிக்குடித்தனம் போயிட்டாங்க. இது அவங்க பையன். ஒத்தாசைக்கு நம்மகிட்ட உட்டுட்டுப் போயிருக்கறாங்க." மீனை எருதுக்குக் கட்டிவைத்தார், எருதை நரிக்குக் கட்டிவைத்தார். ஒரே சின்னம் உள்ளவர்களை மட்டும் பக்கத்தில்கூட நிற்க விடவில்லை. அந்த விளையாட்டைச் செய்தவர்கள் எங்கள் சைன்யத்தைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

எப்படியோ தட்டுத்தடுமாறி அடித்தளத்துக்கு வந்தோம். ராஜா பூதத்தின் கதவில் ஒரு வாசகம் எரிந்தது. படித்துச் சொன்னேன்.

"அண்ணா, ராசாத்தியையும் அந்த ஆந்தைத் தளபதியையும் சேக்கோணுமாம். அவங்களுக்குப் பொறக்கறவன் வந்தாத்தான் கதவு தொறக்குமாம்."

ஆந்தைத் தளபதி எட்டுக் கையோடு ஏற்கெனவே எங்கள் படையில் இருந்தார். ராசாத்தியை அடி விழாமல் மறைத்து நிற்பது அவர்தான்.

"அண்ணன் தங்கச்சிக்கா?" கம்ப்ரசர் டப்பாவை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டார். "இந்த கேம்காரன் ஊட்டுல பெரியவங்களே கெடையாதா?"

நாலைந்து நாள் டப்பாவைத் தொடவில்லை. மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்தார். குழிக்குள் பையன்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், பொங்கல் நெருங்குகிறது, ராசாத்தியோ போவதாக இருந்தால் முறைகெட்ட இடத்துக்குப் போகவேண்டும். கடப்பாரைக்காரர் ஒருவர் வந்தபோது 'சாப்டாச்சுங்களா' என்று கேட்க மறந்துவிட்டார். ஆபீசே பயந்துபோனது.

வழி சொன்னது சங்ககிரி டிரைவர் அண்ணன். "தளபதியத் தத்துக் குடுத்துட்டா என்னங்க? போற ஊட்டுக் கூட்டம்தான அப்பறம் அவனுக்கு?"

"தத்துக் குடுத்தாலும் ரத்தம் மாறுமா?"

"சார்ஜுல ஓடறவனுக்கு ரத்தம் ஏதுங்க?"

கம்ப்ரசர் ஆபீஸ் முழுக்க ஒரு பார்வை பார்த்தார். அந்த நேரம் அங்கே ஆந்தை அல்லாதவள் நான் ஒருத்திதான். மாலைக்குள் எட்டுக் கையும் நாலு கொம்பும் உள்ள பையனுக்கு நான் தாயாகியிருந்தேன்.

என் அம்மா அழாத குறை. "பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட, புள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பையன் இருக்கறான்னு சொல்லோணுமாடி?"

உடனே இரண்டையும் சேர்க்கும் பட்டனை அமுக்கிவிடலாம் என்றேன். "மார்கழியில கல்யாணமா?" என்று கம்ப்ரசர் காதைப் பொத்திக்கொண்டார். தை பிறந்தது, முதலாளி மகனும் வந்து இறங்கினான். பொங்கல் முடிந்த கையோடு அவனுக்கு விமானம். டப்பா எங்கே என்று கேட்டவனிடம் கம்ப்ரசர் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்புச் சொன்னார்.

ஆபீஸ் வாசலில் மாவிலை கட்டினோம். எங்கள் பக்கக் கல்யாணங்களை நடத்திவைப்பவர் அருமைக்காரர். அந்தப் பொறுப்பை டிரைவர் அண்ணன் ஏற்று, தலையில் துண்டை உருமாலையாகக் கட்டிக்கொண்டார். தட்டில் தேங்காய், பழம், நடுவில் டப்பா. நான் பட்டுப்புடவையில் மாப்பிள்ளை வீடு.

"அண்ணா, ஒரு பட்டன்தான்ணா, சும்மா அமுக்குனாப் போதும்" என்றான் முதலாளி மகன்.

"இருங்க தம்பி, தாரை வாக்க வேண்டாமா?" என்று கம்ப்ரசர் சொம்பைத் தூக்கினார்.

"தண்ணி வேண்டாமுங்கண்ணா!" என்று அலறியபடி அவன் டப்பாமேல் கைக்குட்டையை விரித்துக் கவிழ்ந்துகொண்டான். எத்தனையோ போரில் வராத தண்ணீர் அன்று அவன் முதுகில் விழுந்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

சிரித்து முடித்துப் பார்த்தால் கம்ப்ரசர் அழுதுகொண்டிருந்தார். பட்டன்மேல் விரலை வைத்தவர் அமுக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி..." என்று ஆரம்பித்துச் சட்டென்று திருத்திக்கொண்டார். "சம்பந்தி. புள்ள அடிதடிக்கு ஆகாதுங்க, சீக்கிரம் மயங்கிரும். மத்தபடி தங்கமுங்க. பாத்துக்கோங்க."

என்னைவிட இருபது வயது மூத்தவர் கைகூப்பி நிற்கிறார். கேலியாக ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எங்க ஊட்டுப் பொண்ணாட்டம் வெச்சுக்கறோமுங்க சம்பந்தி" என்றுதான் வந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அமுக்கினார். வெளிச்சம் வந்தது, ராசாத்தியும் என் பையனும் மறைந்தார்கள். பேரன் பதினாறு கையோடு வந்தான், கதவு திறந்தது, ராஜா பூதம் விழுந்தது. குழி திறந்து வண்டி வெயிலுக்கு வந்ததும் டிரைவர் அண்ணன் ஓடிப்போய் ரிக் லாரியின் ஏர்ஹாரனை அடித்தார். பையன்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று கம்ப்ரசர் திரையில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு டப்பாவைத் துடைத்துக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

அந்த டப்பா கடல் கடந்து போய்விட்டது. இப்போது யார் கையில் இருக்கிறதோ, யார் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆடுகிறார்களோ தெரியாது. எனக்குக் கல்யாணமாகி நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்துவிட்டேன். பொங்கல் தவறாமல் போன் வரும்.

"சம்பந்தி, சாப்டாச்சுங்களா?"

ஆச்சு என்பேன். மழை, போர், லாரி என்று ஊர்க்கதையெல்லாம் பேசுவார். போனை வைக்கப் போகிறார் என்று நினைக்கும்போது குரலை இறக்கிக்கொண்டு கேட்பார்: "ராசாத்தி நல்லா இருக்குதுங்களா?"

பெண் எடுத்த வீடு அல்லவா, நான்தானே பதில் சொல்ல வேண்டும்.

"நல்லா இருக்குதுங்க சம்பந்தி. இப்பத்தான் சாப்ட்டுட்டுத் தூங்குது."