ராக்காயிக்கு அரைப்பேர்

லிந்துலை
16.05.2004

மரியாதைக்குரிய மச்சான் பழனியாண்டி அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் வீரய்யா கைகூப்பி எழுதிக்கொள்வது.

பொகவந்தலாவையில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் இந்த மழைக்குத் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க மாரியம்மாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே உங்கள் தங்கை பேச்சியம்மா சுகம். ஆடு சுகம். கூரைத் தகரம் ஒழுகினாலும் அதுவும் தன் பாட்டில் சுகமாகத்தான் ஒழுகுகிறது. எனக்குத்தான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை மச்சான், வயிறுதான் எரிகிறது. டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கித் தீர்க்கிற எரிச்சல் இல்லை இது. நீங்கள் தொழிலாளர் சங்கத்தில் பெரிய இடத்தில் இருப்பதால் உங்களால்தான் தீர்க்க முடியும் என்று நம்பி எழுதுகிறேன்.

தோட்டத்தில் கங்காணி வேலை முடிந்து சும்மா இருந்த என்னை, இங்குள்ள மிருகக்காட்சிச்சாலை முதலாளியிடம் சொல்லிக் கரடிக்குச் சாப்பாடு போடும் வேலையில் சேர்த்துவிட்டது நீங்கள்தான். அந்த நன்றியை மறக்கவில்லை. தம்புள்ளைப் பக்கத்துக் காட்டில் தாயில்லாமல் கிடந்த குட்டி அது. வேலியில் தொங்கும் பலகையில் டெய்சி என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. நான் வைத்த பெயர் ராக்காயி. அதற்குக் குளிரக் கூடாதென்று அதன் அறைக்கு ஹீட்டர் போட்டுக் கொடுத்தார்கள். நம் லயத்துக் காம்பராவில் ஹீட்டர் எங்கே இருக்கிறது, ஆனாலும் அதற்காக நான் பொறாமைப்படவில்லை, பொம்பளைப் பிள்ளை, நல்லா இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஆறு வருஷமாகக் காலையில் வாளியோடு வேலி ஓரத்தில் நின்று, பெரட்டுக்களத்தில் ஆட்களைத் திரட்டிப் பேர் கூப்பிடுகிற குரலில் ஒரு சத்தம் போடுவேன். அவள் வந்து நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி எனக்கு வணக்கம் சொல்வாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் படம் பிடிப்பார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்படி இருக்கையில்தான் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. மிருகத்தைப் பார்க்க மட்டும் இந்தக் காலத்தில் ஆள் வராதாம், நெஞ்சு பதறுகிற மாதிரி ஏதாவது இருந்தால்தான் வருவார்களாம். வெள்ளைக்காரன் ஒருவனைக் கூட்டிவந்து மேட்டிலிருந்து பள்ளம் வரைக்கும் கம்பி இழுத்தார்கள். ஆட்களை வாரில் மாட்டித் தள்ளிவிட்டால் கம்பியில் தொங்கிக்கொண்டே கீழே போய்ச் சேர வேண்டும். கம்பிச் சவாரியாம். அது போகிற வழி எது தெரியுமா, ராக்காயியின் தலைக்கு நேர் மேலே. சரி, உயரத்தில்தானே போகிறது என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் அதை நடத்த யாரைப் போட்டார்கள் தெரியுமா, செல்லசாமியை. ஞாபகம் இருக்கிறதா மச்சான், என் கூட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவன், ஒரு நாளாவது பெரட்டுக்கு நேரத்துக்கு வராதவன். பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான் என்று நான் போட்டுப் போட்டே ஓய்ந்துபோனேன். அவன் இப்போது தலையில் சிவப்புத் தொப்பி, கழுத்தில் விசில், கையில் உறை எல்லாம் மாட்டிக்கொண்டு, என்னைக் கண்டால் மட்டும் ரொம்ப மரியாதையாகக் கங்காணியாரே என்கிறான். அந்த மரியாதைதான் என்னை அதிகம் எரிக்கிறது.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வந்த கொழும்பு ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இங்கேயும் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் நேராகக் கம்பிக்குப் போனார்கள். செல்லசாமி விசில் அடிப்பான், ஒரு ஆள் கத்திக்கொண்டே மேலே போவான், ஒரு செருப்போ தொப்பியோ கீழே விழும். ராக்காயி பயந்து அறைக்குள் ஓடிவிடுவாள், அதை வைத்தே கம்பியை நிறுத்திவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவள் ஓடவில்லை மச்சான். எழுந்து நின்றாள். ரெண்டு காலில் நின்று, மூக்கைத் தூக்கி, போகிறவனைக் கடைசி வரைக்கும் பார்த்தாள். அடுத்த விசிலுக்கும் நின்றாள். ஆறு வருஷமாக வாளி வாளியாகப் பழமும் தேன் போட்ட கஞ்சியும் கொண்டுபோகிற எனக்கு அவள் ஒரு நாளும் எழுந்து நின்றதில்லை. விழுந்த செருப்பு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு யாரையும் கிட்ட விடவில்லை. நான் கொடுத்த வாழைப்பழத்தை மிதித்துக்கொண்டு அந்தச் செருப்பை எடுக்கப் போனாள். அன்றைக்கு எனக்கு ராச்சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு நாள் கனத்த உடம்புக்காரர் ஒருவர் பாதி வழியில், சரியாக அவள் தலைக்கு மேலே, நின்றுபோனார். கம்பி அசையவில்லை. அந்த மனுஷன் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுவிட்டுக் கடைசியில் தெரியாத சாமிகளையும் கூப்பிட்டார். ராக்காயி கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாள். நான் வேலி ஓரம் ஓடிப்போய் வாளியைத் தட்டித் தட்டி அவளை இந்தப் பக்கம் இழுக்கப் பார்த்தேன், திரும்பவே இல்லை. செல்லசாமி கம்பியில் தொங்கிக்கொண்டு போய், அவர் இடுப்பில் கயிறு மாட்டி இழுத்துக்கொண்டு வந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். பேப்பரில் படம் போட்டார்கள். செல்லசாமி முழுதாக இருக்கிறான், கனத்தவர் முழுதாக இருக்கிறார், ராக்காயி முழுதாக இருக்கிறாள், ஓரத்தில் என் வாளியும் வலது கையும் மட்டும் தெரிகிறது. அந்தப் பேப்பரை உங்கள் தங்கை சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். நான் கிழிக்கப் போனதற்கு, "என்னைய ஒருத்தன் கூட்டிக்கிட்டுப் போயிருந்தாக்கூட ஒங்களுக்கு இம்புட்டு வயிறு எரிஞ்சிருக்காது" என்றாள். புருஷனிடம் பேசுகிற பேச்சா இது, அண்ணனாக நீங்கள் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அதற்குப் பிறகு நிலைமை ரொம்ப மோசமாகிவிட்டது. காலையில் நான் கூப்பிட்டால் ராக்காயி வருவதில்லை. கம்பிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டு முதல் விசிலுக்குக் காத்திருப்பாள். விசில் அடித்து, ஆள் போய், பார்த்து முடித்த பிறகுதான் ஆடி அசைந்து வாளிக்கு வருவாள். பெரட்டுக்குப் பிந்தி வந்தவளுக்கு நான் என்ன செய்ய வேண்டும், நீங்களே சொல்லுங்கள். வழக்கப்படி அரைப்பேர் போட்டேன். பாதி வாளிதான் கொடுத்தேன். மறுநாளும் பிந்தினாள், மறுநாளும் பாதி வாளி. அந்த வாரம் முழுக்க அப்படித்தான். ஆள் மெலிந்து தோல் தொங்கத் தொடங்கியது. இதுதான் சமயம் என்று முதலாளியிடம் ஓடி, கம்பிச் சத்தத்தால் கரடி மெலிகிறது, மிருகங்களின் நலனைக் கவனிக்காவிட்டால் பேப்பரில் வேறு மாதிரிப் படம் வரும் என்றேன். அவர் பயந்துபோய்க் கண்டியிலிருந்து மிருக டொக்டர் அம்மாவை, ஒரு நோனாவை, வரவழைத்தார்.

நல்ல நோனா, சிங்களவர், தமிழும் கொஞ்சம் தெரியும். ஒரு காலைநேரம் முழுக்க முக்காலி போட்டு ராக்காயியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பியை ஓடவிட்டும் பார்த்தார், நிறுத்தியும் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு எவ்வளவு சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் மறைக்கவில்லை. வேலை தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள இதைவிட நல்ல இடம் ஏது. அரைப்பேர் விஷயத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் விளக்கமாக எடுத்துச் சொன்னேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். செல்லசாமி சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நோனா, "ஐயா, கரடிக்கு பெரட்டு இல்லே" என்றார்.

அதோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். இவ்வளவு காலமும் இது தலையை ஆட்டிக்கொண்டிருந்ததா என்று கேட்டார். ஆமாம், எனக்கு வணக்கம் சொல்லும் என்றேன். அது வணக்கம் இல்லையாம் மச்சான். செய்ய ஒன்றுமில்லாமல் அடைபட்டுக் கிடக்கிற மிருகம் சலிப்பு தாங்காமல் அப்படித்தான் ஆட்டுமாம். கம்பி வந்த பிறகு பார்ப்பதற்கு ஏதோ இருப்பதால் ஆட்டுவதைக் குறைத்திருக்கிறதாம். ஆறு வருஷமாக நானும் பதிலுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அதை நினைக்கும்போது எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

கம்பிக்காரர்களையும் நோனா சும்மா விடவில்லை, அதைச் சொல்லாவிட்டால் பாவம். மத்தியானத்தில் கம்பி ஓடக் கூடாது, செருப்பு தொப்பி கீழே விழாதபடி கட்டிப் போட வேண்டும், அவள் அறைக்குள் போய்விட்டால் உடனே நிறுத்த வேண்டும் என்று சட்டம் போட்டார். ஆனால் எனக்கு விழுந்த அடிதான் பெரிது. வாளியில் கொடுக்கக் கூடாதாம். சாப்பாட்டை மூங்கில் குழாயிலும் மரப்பொந்திலும் மேலே கிளையிலும் ஒளித்து வைக்க வேண்டுமாம், அவளே தேடித் தின்றால்தான் சலிக்காதாம். மரம் ஏறத் தெரிந்தவன் யார் என்று முதலாளி கேட்டார். செல்லசாமி கையைத் தூக்கினான். இப்போது விடியற்காலையில் சாப்பாடு ஒளிப்பதும் அவன், பிறகு கம்பியில் விசில் அடிப்பதும் அவன். என்னை மேட்டில் நிறுத்தி, வருகிறவர்களுக்குத் தொப்பி மாட்டி வரிசையில் நிற்கவைக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் ராக்காயி ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரிகிறாள், அவ்வளவுதான். ஒரு தரம் மூங்கில் குழாய்க்குள் கையை விட்டு அதில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். தேன்தான். நான் கொடுத்த அதே தேன்.

ஆகவே மச்சான், நீங்கள் சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்து முதலாளியிடம் பேசி இந்தக் கம்பியை அறுக்கச் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் செல்லசாமியையாவது மான் பக்கம் மாற்றச் சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம். என் வாளியும் என் கரடியும் திரும்பக் கிடைத்தால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படித்து நல்ல நிலைமைக்கு வந்து, மலையேறி வரும் பனியும் மழையும் அவர்களை அண்டாமல் இருக்க வாழ்த்துகிறேன். திருவிழாவுக்குப் பேச்சியம்மாவோடு வந்து நேரில் பேசுகிறேன்.

இப்படிக்கு
தங்கள் அன்புள்ள
வீரய்யா

பின்குறிப்பு: தபாலில் சேர்க்காமல் நாலு நாளாகச் சட்டைப்பையிலேயே இந்தக் கடிதத்தை வைத்திருந்தேன். அதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது. காலையில் ஆட்கள் வருமுன் வேலைக்காரர்களில் ஒருவர் கம்பியில் போய்ப் பார்க்க வேண்டும், அது விதி. எப்போதும் செல்லசாமிதான் போவான். இன்றைக்கு அவன் வழக்கம் போலப் பிந்திவிட்டான், முதலாளி கீழே நின்று சத்தம் போடுகிறார், மேலே என்னைவிட மூத்தவர் யாருமில்லை. இடுப்பில் கட்டிய சாரத்தோடேயே வாரை மாட்டித் தள்ளிவிட்டார்கள். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. ராக்காயி என்றுதான் கத்தினேனாம், பழைய பெரட்டுக் குரலில். அப்போதுதான் வந்து சேர்ந்த செல்லசாமி வேலி ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். அவள் எழுந்து நின்றாளாம். நின்றதோடு விடாமல், எனக்குக் கீழேயே வேலி முடிகிற இடம் வரைக்கும் ஓடி வந்தாளாம். "நான் எத்தன தடவ போயிருப்பேன் கங்காணியாரே, எனக்கு ஒரு நாளும் ஓடியாந்ததில்ல" என்றான். அவன் முகம் போன போக்கைக் கண்டதும் என் வயிறு குளிர்ந்துவிட்டது மச்சான். அரைச்சாரம் அவிழ்ந்ததைப் பார்க்கத்தான் ஓடி வந்திருக்கும் என்கிறாள் உங்கள் தங்கை. அவள் கிடக்கிறாள்.

எனவே தலைவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், கம்பி இருக்கட்டும். உங்கள் பழைய கால்சட்டை ஒன்றை மட்டும் வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புங்கள், இடுப்பு பெரிதாக இருந்தாலும் கயிறு போட்டுக் கட்டிக்கொள்வேன். ராக்காயி ஓடி வந்ததை நான் பார்க்கவில்லை மச்சான். சாரம் பறந்து முகத்தை மூடிவிட்டது. செல்லசாமி நேரத்துக்கு வரப் பழகுமுன் கால்சட்டை வந்து சேர வேண்டும்.